வாசகர் கேள்வி: ஈபிசில எஃப் கிரேடு வந்த வீட்டை வாடகைக்கு விடலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாம்ல பழைய டெரஸ் வீடு (வரிசையா ஒட்டி கட்டினது) ஒண்ணு வாடகைக்கு விட்டிருந்தேன். இருந்தவங்க காலி பண்ணிட்டாங்க. ஈபிசி, அதான் வீட்டோட எனர்ஜி செலவுக்கு ஏ முதல் ஜி வரைக்கும் கிரேடு போடற சர்டிபிகேட், 10 வருஷம் முடிஞ்சு போச்சேன்னு புதுசா எடுத்தா 36 பாயின்ட், எஃப்! முன்னாடி 42, இ. நடுவுல ஜன்னலுக்கெல்லாம் டபுள் கிளேசிங் வேற போட்டேன். எப்படி குறையும்? அப்படியே விட்டா என்ன?

பதில்: அப்படியே விடக்கூடாதுங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல 2018 ஏப்ரல்ல இருந்து புதுசா விடற வீட்டுக்கும், 2020 ஏப்ரல்ல இருந்து ஏற்கனவே ஆள் இருக்கற வீட்டுக்கும் குறைஞ்சது இ வேணும், மாட்டினா வீடு ஒண்ணுக்கு 5,000 பவுண்டு வரைக்கும் கவுன்சில் ஃபைன் போடலாம். ஆனா இ 39லயே ஆரம்பிச்சிடுது, உங்களுக்கு தேவை மூணே பாயின்ட், பதறாதீங்க.

இப்போ சர்டிபிகேட்டை எடுத்து கூரைன்னு இருக்கற வரியைப் பாருங்க, அங்க ‘அஸ்யூம்ட்’னு, அதாவது பார்க்காம ஊகிச்சதுன்னு, ஒரு வார்த்தை இருக்கான்னு சொல்லுங்க. வர்ற அசெஸர் சுவரை ஓட்டை போட்டெல்லாம் பார்க்க மாட்டார், கண்ணுக்கு தெரியறது, நீங்க காட்டற பேப்பர், இது ரெண்டும் இல்லேன்னா வீடு கட்டின காலத்தை வச்சு சாஃப்ட்வேர் ஊகிச்சுக்கும், பழைய வீட்டுக்கு அந்த ஊகம் பெரும்பாலும் நம்ம காலை வாரிடும். எனக்கே நடந்துச்சு. லாஃப்ட் (கூரைக்கு கீழ இருக்கற பரண்) மூடி பெயின்ட்ல ஒட்டிக்கிச்சு, அதுக்கு நேர் கீழ பீரோ, வந்தவர் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்துட்டு போயிட்டார். மேல சூடு வெளிய போகாம தடுக்கற இன்சுலேஷன் மெத்தை மாதிரி கிடக்கு, யாருக்கு தெரியும்? மூடியைத் திறந்து வச்சு, பில்லு, ஜன்னல் மாத்தினதுக்கு தர்ற ஃபென்சா சர்டிபிகேட் எல்லாம் மேஜை மேல போட்டு மறுபடி எடுங்க. லாஃப்ட்ல நிஜமாவே ஒண்ணும் இல்லேன்னா 270 மில்லிமீட்டர் இன்சுலேஷன் போடுங்க, செலவு கம்மி, பலன் நல்லா தெரியும். டபுள் கிளேசிங்க்கு நாம கொட்டற காசுக்கு கிடைக்கற பாயின்ட் கொஞ்சம்தான், ஆனா எல்லாரும் முதல்ல அங்கதான் போறாங்க, என்ன பண்றது.

இன்னொண்ணு, இந்த நம்பர் வீட்டை சூடாக்க ஆகற செலவை வச்சு வருது. ரூமுக்கு ரூம் பழைய எலக்ட்ரிக் ஹீட்டர் மாட்டியிருந்தா சுவர் எவ்வளவு நல்லா இருந்தாலும் அடி வாங்கும்.

கேள்வி: என் வீடு ஒற்றைச் செங்கல் சுவர், நடுவுல கேவிட்டி, அதான் காலி இடைவெளி, கிடையாது. உள்பக்கம் இன்சுலேஷன் பண்ண கேக்கற ரேட்டுல தலை சுத்துது. வித்துடவா?

பதில்: அதுக்குள்ள விக்காதீங்க. இ வாங்கறதுக்கு நீங்க கைக்காசு போட வேண்டிய உச்சவரம்பு வாட் சேர்த்து 3,500 பவுண்டுதான், 2017 அக்டோபர்ல இருந்து இதுக்காக பண்ணின செலவும் கணக்குல வரும். அந்த வரம்புக்குள்ள முடிஞ்சதையெல்லாம் பண்ணியும் எஃப்லயே நின்னா, அரசாங்கத்தோட விலக்கு ரெஜிஸ்டர்ல பதிஞ்சுட்டு வாடகைக்கு விடலாம், 5 வருஷம் செல்லும். பதியாம விட்டா விலக்கு இல்ல, அதை மட்டும் மறந்துடாதீங்க. வீட்டை வித்தா அந்த விலக்கு வாங்கறவருக்கு போகாது, அவர் தன் பேர்ல புதுசா பதியணும்.

வாடகை வீட்டுக்கு இ போதாது, சி வேணும்னு 2030ஐ சொல்லிட்டு இருக்காங்க. அதனால பாத்ரூம் டைல்ஸ் மாத்த ஆள் வரப்போறார்னா அங்க இருக்கற வெளிச்சுவரோட உள்பக்க இன்சுலேஷனையும் அப்பவே சேர்த்து முடிச்சுடுங்க, ரெண்டு தடவை உடைக்க வேண்டாம்.