திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் இண்டர்வியூ: முதலாளியிடம் எப்படிப் பேசுவது?

மெர்ச்சண்டைசர் என்றால், துணி வாங்கும் பையரின் ஆர்டரை ஷிப்மெண்ட் வரை கவனித்துக்கொள்பவர். அந்த வேலைக்கு முதலாளியே உங்களை நேரில் பார்த்தால், பெரும்பாலும் "எந்த ஊருங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். ஒற்றை வார்த்தையில் முடிக்காதீர்கள். "காங்கேயங்க, ராத்திரி லேட்டானாலும் பைக்கில் போயிக்குவேன்" என்றால், ஷிப்மெண்ட் நேரத்தில் இருப்பீர்களா என்ற அவருடைய கவலையும் சேர்ந்து தீரும். சொந்தபந்தம், சாதி என்று இழுக்க வேண்டாம். சிபாரிசு வாடை அடிக்கும். வெளியூர்க்காரர் கொங்குத் தமிழை வலிந்து பேசுவதும் எடுபடாது.

ஒட்டுதல் வருவது தொழில் பேச்சில்தான். "டீமோடு நல்லா வேலை செய்வேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிட, நடந்த ஒன்றை எண்ணோடு சொல்லுங்கள்: "180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) கேட்ட துணி, காம்பாக்டிங்கில் (துணி பின்னால் சுருங்காமல் இருக்க அமுக்கும் வேலை) அகலத்துக்கு இழுத்துவிட்டதால் 168 வந்துச்சு. பையர் கொடுத்த 5 சதவீத வரம்புக்கும் கீழ. கட்டிங் போகவிடாம நிறுத்தி, அன்னிக்கே பையருக்கு மெயில் போட்டோம்." பிரச்சினையை மறைக்காத ஆள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இது உண்மையில் நீங்கள் செய்ததாக இருக்கட்டும், அடுத்த கேள்வியே "ரீபிராசஸ் (துணியை மறுபடி சரிசெய்யும்) செலவு யாரு தலையில?" என்று வரும்.

பழைய கம்பெனியைக் குறை சொல்லாதீர்கள். அந்த முதலாளி இவருக்குத் தெரிந்தவராகவே இருக்கலாம். சம்பளப் பேச்சுக்கு முன், சாம்பிள் செக்‌ஷன் உள்ளேயே இருக்கிறதா, ஒருவருக்கு எத்தனை பையர் என்று கேளுங்கள்.