புயலில் சாய்ந்த தென்னை மரங்களை உடனே அகற்ற வேண்டுமா, பொறுத்துச் செய்யலாமா?

விழுந்த மரத்தை எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக அகற்றுங்கள். மட்டையெல்லாம் முறிந்து மொட்டையாக நிற்கும் மரத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். கேட்டதற்கு இதுவே போதும் என்றாலும், "டெல்டாவில் மாதக்கணக்கில் மரங்களைப் போட்டே வைத்திருந்தார்களே, சோம்பலா?" என்று கேள்வியோடு ஒரு வரியைச் சேர்த்திருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா கடந்து போக முடியவில்லை. நீங்கள் வெளியூரில் இருந்துகொண்டு ஆள் வைத்துத் தோப்பைப் பார்ப்பவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து மேற்கே நகர்ந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் தோப்பும் அதன் வழியில் அகப்பட்டது. காற்று முதலில் ஒரு பக்கமிருந்து அடித்து, சற்று ஓய்ந்து, எதிர்ப்பக்கமிருந்து மறுபடி அடித்ததால் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன; சில வேரோடு பெயர்ந்திருந்தன, சில இடுப்பளவில் முறிந்திருந்தன. வட்டாரம் முழுவதும் ஒரே இரவில் சாய்ந்துவிட்ட நிலையில், அறுவை இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கும் பொக்லைன் ஓட்டுநர்களுக்கும் முதலில் சாலையைத் திறக்கும் வேலை, அதன் பிறகு மின்கம்பங்களுக்கு வழிவிடும் வேலை. தோப்புக்காரனின் முறை கடைசியில்தான் வந்தது. போதாக்குறைக்கு, மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் நிவாரணம் என்று அரசு அறிவித்திருந்ததால், கணக்கெடுப்பவர்கள் வந்து எண்ணும் முன் அகற்றிவிட்டால் எதைக் காட்டுவது என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. நிவாரணத்துக்காகக் கிடப்பில் போட்டதாகச் சென்னையில் இருக்கும் என் உறவினர் ஒருவர் இன்றும் சொல்கிறார். ஒரு தோப்பை வளர்த்துக் காய் பார்க்க எத்தனை ஆண்டுகள் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அப்படிப் பேசமாட்டார். இப்போது கைப்பேசி இருக்கிறது. வரிசை வரிசையாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

விரைவு எதற்கென்றால், காண்டாமிருக வண்டுக்காக. அழுகும் தென்னந்தண்டிலும் எருக்குழியிலும்தான் அது முட்டையிடும். புழு வளர்ந்து வண்டாகிப் பறந்துவந்து, தப்பிப் பிழைத்து நிற்கும் மரத்தின் குருத்தைக் குடையும். விசிறியை வெட்டினாற்போல் ஓலை விரிந்தால் அது இந்த வண்டின் வேலை. எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ள முடியாவிட்டாலும் கொண்டைப் பகுதியையும் வேர்த்தூரையும் முதலில் வெளியேற்றுங்கள். மீதியுள்ளவற்றுக்கு, 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து மண்பானைகளில் ஊற்றி ஆங்காங்கே வையுங்கள். வண்டுகள் வந்து விழும். மட்கும் குவியலில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்தால் புழுக்கள் நோயுற்றுச் சாகும்.

எரித்துவிட்டால் முடிந்ததே என்று யாராவது எழுதுவார்கள். பச்சைத் தென்னை எரியாது. மேலே கருகி உள்ளே ஈரமாகவே கிடக்கும், அந்த மிச்சமே வண்டுக்கு வசதியாகிவிடும். அனலோ பக்கத்து மரத்தின் மேல்வேரைச் சுடும்.

அறுக்கும்போது ஆள் முக்கியம். எங்களுக்குப் பொள்ளாச்சியிலிருந்து வந்த இயந்திரக்காரர், என் தந்தை வேர்க்குழிக்குள் இறங்கி நின்றதைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, "ஐயா, மேல ஏறி வாங்க, தண்டை அறுத்தா தூர் திரும்பி நிமிரும்" என்றார். அவர் சொன்னபடியே, தண்டின் பாரம் நீங்கியதும் மண்ணோடு பெயர்ந்திருந்த தூர் அந்தக் குழிக்குள்ளேயே தொப்பென்று திரும்பி உட்கார்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவற்றில் எது எதைத் தாங்குகிறது என்று சுற்றிப் பார்த்த பிறகே வாளை வைக்க வேண்டும். மின்கம்பி கலந்து கிடந்தால், மின்வாரிய ஊழியர் வந்து சொல்லும்வரை கிட்டே போகவே கூடாது.

விலை விஷயத்தில் ஆறுதலாக என்னால் ஒன்றும் சொல்ல இயலாது. ஊரெல்லாம் மரம் கிடக்கும்போது செங்கல் சூளைக்காரர் சொன்னதே விலை. அவர் ஏற்றிச் செல்வதே உபகாரம் என்ற நிலைதான் எங்களுக்கு இருந்தது. வயது முதிர்ந்து வைரம் பாய்ந்த அடித்தண்டுகளை மட்டும் மரச்சட்டம் அறுப்பதற்காகத் தனியே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நிற்கும் மரங்கள். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது உயிரோடு இருந்தால் மட்டைகள் அத்தனையும் போனாலும் மரம் தேறிவரும். "இதையும் சேர்த்து வெட்டிவிடலாம், கூலி மிச்சம்" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார், எங்களிடமும் சொன்னார். ஒப்புக்கொள்ளாதீர்கள். புதுக் குருத்து வருகிறதா என்று சில மாதங்கள் பாருங்கள். ஐயமிருந்தால் மரமேறுபவரை ஏற்றிக் குருத்தை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழுகல் நாற்றத்தோடு கையோடு உருவி வந்தால், அந்த மரத்தை வெட்டிவிடலாம்.