ஐஎல்ஆர் அக்டோபர்ல, காலேஜ் செப்டம்பர்ல: ஹோம் ஃபீஸா ஓவர்சீஸ் ஃபீஸா?

சார், நீங்க சொன்னத வெச்சு பாத்தா 2020 அக்டோபர் நடுவுல டியர் 2 விசால (வேலை விசா) இங்கிலாந்து வந்திருக்கீங்க, ஐஎல்ஆருக்கு (நிரந்தரமா தங்கற அனுமதி) வேண்டிய 5 வருஷம் 2025 அக்டோபர்ல முடியுது, பையன் 2025 செப்டம்பர் கடைசில கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்றான். இத்தன வருஷமா இங்க வரி கட்றோம், ஸ்கூல்ல ஃப்ரீயா படிச்சான், அப்ப ஓவர்சீஸ் ஃபீஸ் (வெளிநாட்டு பசங்க கட்டற அதிக ஃபீஸ்) இல்லாம ஹோம் ஃபீஸ்தானே (உள்ளூர் பசங்க கட்டற கம்மி ஃபீஸ்)ன்னு கேக்கறீங்க.

இல்ல சார். வரி கட்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

இங்கிலாந்துல ரூல் ரெண்டு பாதி. கோர்ஸோட முதல் வருஷம் தொடங்கற நாளுக்கு முன்னாடி 3 வருஷம் இங்கதான் குடியிருந்திருக்கணும், அது உங்க பையனுக்கு ஓகே, லீவுக்கு மதுரைக்கு பாட்டி வீட்டுக்கு போய்ட்டு வந்ததெல்லாம் கணக்க உடைக்காது. இன்னொரு பாதிலதான் மாட்றீங்க, அதே நாள்ல அவன் கைல ஐஎல்ஆர் இருக்கணும். அந்த நாள் கிளாஸ் ஆரம்பிக்கிற நாள் இல்ல, செப்டம்பர்ல தொடங்கற கோர்ஸுக்கு எல்லாம் செப்டம்பர் 1. ஐஎல்ஆருக்கு 28 நாள் முன்னாடியே அப்ளை பண்ணலாம்தான், சூப்பர் பிரையாரிட்டி கட்டினா சீக்கிரம் வரும்தான், ஆனா உங்க தேதிக்கு அந்த 28 நாளே செப்டம்பர் நடுவுலதான் வருது. சேந்த அப்புறம் ஐஎல்ஆர் வந்தாலும் பொதுவா கோர்ஸ் முடியற வரைக்கும் ஓவர்சீஸ்தான். நெறைய பேர் "அடுத்த வருஷம் மாத்திக்கலாம்"னு சேத்துட்டு அப்புறம் தலைல கைய வெச்சுக்கறாங்க.

18 வயசுக்குள்ள 7 வருஷம் இங்க இருந்தா, இல்ல 18 தாண்டி பாதி ஆயுசு இங்க இருந்தா ஐஎல்ஆர் இல்லாமலும் ஒரு வழி இருக்கு, 2015-ல டிகேரே கேஸ்ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம் வந்தது அது. உங்க பையன் 12 வயசுல வந்தவன், ரெண்டுலயும் வர மாட்டான்.

இப்ப காசு கணக்கு. 2025-26-க்கு ஹோம் ஃபீஸ் உச்சவரம்பு 9,535 பவுண்ட், அதுவும் லோன்ல போய்டும், வருஷ சம்பளம் ஒரு குறிப்பிட்ட அளவ தாண்டினப்புறம்தான் அவன் கட்ட ஆரம்பிப்பான். ஓவர்சீஸ்னா நல்ல யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர் சயின்ஸ் 30,000 சர்வ சாதாரணம், லோனும் கிடையாது, மொத்தமும் உங்க பாக்கெட்ல இருந்து. 3 வருஷத்துக்கு 60,000 பவுண்டுக்கு மேல வித்தியாசம்.

அதனால என் அபிப்ராயம் ஒரு வருஷம் தள்ளி போடறதுதான். 2026 செப்டம்பர்னா நாளே புதுசா கணக்காகும். யுனிவர்சிட்டிக்கு இப்பவே மெயில் போட்டு டிஃபர் பண்ண (சீட்ட அடுத்த வருஷத்துக்கு தள்ளி வைக்க) முடியுமான்னு கேளுங்க, ஒத்துக்கலன்னா யூகாஸ்ல (யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ற பொது சைட்) ஜனவரிக்குள்ள திரும்ப அப்ளை பண்ணிக்கலாம், மார்க் கைல இருக்கறதால பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு வருஷம் வீணாகுதேன்னு ஊர்ல நாலு பேர் கேப்பாங்க, கேட்டுட்டு போகட்டும், ஃபீஸ் அவங்க கட்ட போறதில்ல.

ஃபீஸ் ஸ்டேட்டஸ் ஃபார்ம்ல எல்லார் விசா தேதியும் பாஸ்போர்ட் பக்கமும் கேப்பாங்க, ஒழுங்கா நிரப்புங்க, யூகாஸ்ல ரெசிடென்ஷியல் கேட்டகரி தப்பா போட்டுட்டு அப்புறம் வாதாடறது பெரிய ரோதனை. யுனிவர்சிட்டி ஹோம்னு சொன்னாலும் ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் (படிப்பு லோன் குடுக்கற அரசு ஆபீஸ்) தனியா பாக்கும், ரெண்டும் வேற வேற ஆபீஸ். ஸ்காட்லாந்து ரூல் தனி, அங்க பாக்கற நாள் ஆகஸ்ட் 1, இத வெச்சு அத முடிவு பண்ணாதீங்க.

ஒண்ணு மட்டும் நீங்க சொல்லல. மேடம் எப்ப வந்தாங்க? அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஐஎல்ஆர் ஆனாதான் பையனுக்கு டிபெண்டன்டா கிடைக்கும். அவங்க 2021 ஜனவரில வந்திருந்தா 2026-க்கு தாராளமா வந்துடும், 2021 அக்டோபருக்கு அப்புறம்னா 2026 செப்டம்பர் 1-ம் தவறிடும், வேற மாதிரி யோசிக்கணும். அவங்களோட முதல் விசா தேதிய பாத்து அனுப்புங்க, அதுக்கு முன்னாடி எந்த ஆஃபரும் அக்செப்ட் பண்ண வேணாம்.