பேஸ்மென்ட்டில் வெள்ளம்: எதைக் காப்பாற்றலாம், எதை எறியலாம்?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சொந்த வீடு. போன கிழமை அடித்த மழையில் பேஸ்மென்ட் தரையில் உள்ள வடிகால் வழியாகத் தண்ணீர் மேலெழும்பி, முழங்கால் அளவுக்கு நின்று வடிந்தது. மூவாயிரம் டொலருக்கு வாங்கிய சோபா, மெத்தை, கார்ப்பெட் எல்லாம் நனைந்துவிட்டன. கழுவிக் காயவைத்துப் பாவிக்கலாமா?

பதில்: தண்ணீர் எந்த வழியால் வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. கடும் மழையில் தெருவுக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் மழைநீர் புகுந்து நிரம்பிவிடும். போக இடமில்லாத தண்ணீர் வீட்டு வடிகால் வழியாகத் திரும்பி வரும். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2024 ஜூலை 16 அன்று ஏறத்தாழ 98. இரண்டு நாட்களிலும் ரொறன்ரோவில் எத்தனையோ பேஸ்மென்ட்டுகளுக்குள் தண்ணீர் ஏறியது. வடிகாலால் வந்த தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதில் மலசலகூடக் கழிவு கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பொருளின் விலையைப் பார்க்க வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சுமா, உறிஞ்சாதா என்று பாருங்கள். மெத்தை, தலையணை, கார்ப்பெட், அதற்குக் கீழே போட்ட பஞ்சுவிரிப்பு எல்லாம் போகத்தான் வேண்டும். சோபாவைக் கவிழ்த்து, அடியில் தைத்திருக்கும் மெல்லிய கறுப்புத் துணியைக் கிழித்துப் பாருங்கள். மரச்சட்டத்துக்கு மேலே உள்ள ஸ்பொஞ்சில் மஞ்சள் கோடு ஏறியிருந்தால் அதைக் காப்பாற்ற முடியாது. மேல்துணியை மட்டும் கழுவித் தருகிறோம் என்று யாராவது விலை சொன்னால் அந்தக் காசை மிச்சம்பிடியுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த அலுமாரிகளின் காலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஊறிய பிட்டு மாதிரி உதிர்ந்தால் அதுவும் முடிந்த கதை. முழு மரம், இரும்பு, கண்ணாடி, எவர்சில்வர், கெட்டிப் பிளாஸ்டிக் எல்லாம் தப்பும். முதலில் சவர்க்காரம் போட்டு அழுக்கு முழுவதும் போகக் கழுவி, அதன் பிறகே கிருமிநாசினி. அழுக்கின் மேல் பிளீச்சை ஊற்றிப் பயனில்லை. பிளீச்சுடன் வினாகிரியையோ அமோனியா உள்ள திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும்.

நனைந்த இடத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது, அதனால் சுவரையும் பார்க்க வேண்டும். வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் ட்ரைவோல் எனப்படும் சுவர்ப்பலகைக்குப் பின்னால் உள்ள பஞ்சு ஈரமாகவே இருக்கும். தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் குறைந்தது 50 சென்டிமீற்றர் வரை வெட்டி எடுத்து, உள்ளே நன்றாகக் காயவிட்ட பிறகே புதுப் பலகை அடியுங்கள். அவசரப்பட்டு மூடிப் பெயின்ற் அடித்தால் சில மாதங்களில் மணக்கத் தொடங்கும்.

வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ், சுடுதண்ணீர்த் தாங்கி, ஃப்ரீசர், மின்சாரப் பெட்டி, இவற்றில் எதற்குள்ளாவது தண்ணீர் போயிருந்தால் காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சுவிட்ச் போடாதீர்கள். உரிமம் உள்ளவர் பார்த்துச் சொல்லட்டும். நனைந்த பிரேக்கர்களை மாற்றத்தான் வேண்டும்.

எதையும் வெளியே கொண்டுபோய் வைக்கும் முன் படம் எடுங்கள். ஒவ்வொரு பொருளையும் தனியாக, மொடல் நம்பர் ஒட்டிய இடத்தையும் சேர்த்து. கார்ப்பெட்டில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு முதலில் அழைத்து, எறியலாமா என்று கேட்டு, பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. சாதாரண வீட்டுக் காப்புறுதியில் 'சூவர் பேக்கப்', அதாவது வடிகால் வழியாகக் கழிவுநீர் திரும்பி வருவது, தானாக அடங்காது. தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். நிலத்தின் மேலால் ஓடிவரும் வெள்ளத்துக்கான 'ஓவர்லாண்ட் வோட்டர்' இன்னொன்று. உங்கள் பத்திரத்தில் இந்த இரண்டு சொற்களையும் தேடுங்கள். கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பனியின் சொந்த முறைப்பாட்டுப் பிரிவிலும் தீராவிட்டால், ஜி.ஐ.ஓ. என்ற காப்புறுதிக் குறைகேள் அமைப்பு இலவசமாக விசாரிக்கும்.

கேள்வி: அம்மாவின் கூறைச்சீலை, கலியாண அல்பம், 1989இல் கனடாவுக்குக் குடிவந்தபோது தந்த லாண்டிங் பேப்பர், பாஸ்போட் எல்லாம் ஒரே சூட்கேசில் நனைந்துவிட்டன. சோபா போனால் போகட்டும். இவற்றுக்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. கையுறை போட்டுக்கொண்டு இவற்றைத்தான் முதலில் எடுங்கள்.

படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் காயவிடாதீர்கள். காய்ந்தபின் பிரித்தால் முகம் உரிந்து வரும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் கிடத்தினால் பல தானாகவே பிரியும். படம் உள்ள பக்கத்தை விரலால் தேய்க்காமல் மெதுவாக அலசி, படம் மேலே பார்க்க வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஒரே நாளில் முடியாத அளவு இருந்தால், அலசிய படங்களுக்கு நடுவே மெழுகுத்தாள் வைத்து ஃப்ரீசரில் போடுங்கள். பூஞ்சணம் நின்றுவிடும், ஆறுதலாகப் பிறகு பார்க்கலாம். ஈரமாக இருக்கும்போதே போனில் படம் பிடித்து வைப்பதும் நல்லது. அப்படியும் சில போகும். லண்டனிலோ பாரிசிலோ உள்ள சொந்தக்காரரின் அல்பத்தில் அதே கலியாணப் படம் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

கூறையை மற்றத் துணிகளிலிருந்து உடனே பிரியுங்கள், சிவப்புச் சாயம் இறங்கும். குளிர்ந்த தண்ணீரில், அழுக்குப் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, சரிகை முறியும். வெள்ளைத் துவாயில் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் விரித்துவிடுங்கள். அப்புறம் பட்டுக்குப் பழக்கப்பட்ட ட்ரை கிளீனரிடம் கொடுக்கும்போது, கழிவுநீரில் நனைந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

லாண்டிங் பேப்பர், அதாவது ஐ.எம்.எம். 1000, தொலைந்தாலோ பழுதானாலோ அரசு புதிதாக அச்சிட்டுத் தராது. அதற்குப் பதிலாக 'வெரிஃபிகேஷன் ஒஃப் ஸ்டேட்டஸ்' என்ற கடிதத்துக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்து கலங்கியிருந்தாலும் பழைய தாளை எறிய வேண்டாம். நனைந்து பழுதான பாஸ்போட்டோடு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். புதிதுக்கு விண்ணப்பித்து, பழையதை அதோடு கொடுங்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்த மறுநாள் ஒருவர் கதவைத் தட்டி, காப்புறுதியே எல்லாம் கொடுக்கும் என்று சொல்லி 9,000 டொலருக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார். பின்வாங்க முடியுமா?

பதில்: முடியும். ஒன்ராறியோ நுகர்வோர் சட்டப்படி, உங்கள் வீட்டில் வைத்துச் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கைக்குக் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். போனில் சொல்லிவிட்டு இருக்காமல் மின்னஞ்சலில் இன்றே அனுப்புங்கள், திகதிக்கு அதுதான் சாட்சி. அடுத்தவரிடம் போகும்போது எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால், நீங்கள் சம்மதித்து வேலையை மாற்றாதவரை, 10 வீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்க முடியாது. காப்புறுதி என்ன கொடுக்கும் என்று சொல்ல வேண்டியது காப்புறுதிக் கம்பனி. வாசலில் நிற்பவருக்கு அது தெரியாது.

கேள்வி: நாங்கள் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் சாமான்களுக்கு வீட்டுக்காரரின் காப்புறுதி காசு தருமா?

பதில்: தராது. அது கட்டடத்துக்கும் அவருடைய பொருட்களுக்கும்தான். வாடகைக்கு இருப்போருக்கான காப்புறுதியை நீங்கள்தான் எடுத்திருக்க வேண்டும், அதிலும் சூவர் பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சுவர், தரை, மின்சாரம், வெப்பம் இவற்றைத் திருத்துவது அவர் கடமை. செய்யாமல் இழுத்தடித்தால் வாடகையாளர் சபைக்கு டி6 என்ற பராமரிப்பு முறைப்பாட்டு விண்ணப்பம் போட்டு வாடகைக் குறைப்புக் கேட்கலாம், ஒரு வருடத்துக்குள். பேஸ்மென்ட் வாடகைக்கு விட அனுமதி இல்லாத வீடு என்றாலும் இந்த உரிமை உங்களுக்கு உண்டு, பயந்து பேசாமல் இருக்க வேண்டாம்.

கேள்வி: காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹ்யூமிடிஃபையர் வாங்கப் போனால் 70 பைண்ட் பழையதும் 50 பைண்ட் புதியதும் ஒரே அளவு என்கிறார் கடைக்காரர். ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை, உண்மையைத்தான் சொல்கிறார். பைண்ட் என்பது இயந்திரம் ஒரு நாளில் இழுக்கும் தண்ணீரின் அளவு. 2019இல் அமெரிக்காவில் பரிசோதனை முறை மாறியது. முன்பு 80 பாகை ஃபாரன்ஹீட் சூட்டில் அளந்தார்கள். இப்போது பேஸ்மென்ட்டின் குளிருக்கு நெருக்கமான 65 பாகையில் அளக்கிறார்கள். அதனால் இலக்கம் இறங்கியது, இயந்திரம் சுருங்கவில்லை. வெள்ளத்துக்குப் பிந்திய முதல் நாட்களுக்கு வீட்டு இயந்திரம் போதாது. கருவி வாடகைக் கடையில் பெரியதை எடுத்து ஓடவிட்டு, பிறகு 50 பைண்ட் ஒன்றை வாங்கி ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே இருக்கப் பாருங்கள். அது ஓடும்போது யன்னலைத் திறக்காதீர்கள். ஜூலை மாதத்து வெளிக்காற்றில் ஈரம் அதிகம்.

கேள்வி: கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வு போட்டால் போதுமா?

பதில்: பெருமளவு உதவும், நகரசபை அதற்கு மானியமும் தருகிறது. வேலை தொடங்கும் முன் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைத்து விதிகளைக் கேளுங்கள். ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: கடும் மழையில் அந்த வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அந்த நேரம் மேலே குளித்தாலோ உடுப்புத் தோய்த்தாலோ அது உங்கள் பேஸ்மென்ட்டிலேயே வந்து நிற்கும்.