கணினி மேசை: 'ஷட் டவுன்' மங்கிக் கிடப்பது ஏன்?

வாசகர்களுக்கு ஒரு சொல்: கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதுகிறோம். டெர்மினல் எனும் கட்டளைச் சாளரத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், நாம் இடைவெளியும் சிறுகோடும் இட்டுள்ள இடங்களில் அவற்றையும் இட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும்.

கேள்வி (தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை): எமது தோட்டப் பாடசாலையின் கணினிக்கூடத்தில் நன்கொடையாகக் கிடைத்த ஏழு பழைய கணினிகள் உள்ளன. அவற்றில் விண்டோஸ் ஊர்ந்துகொண்டிருந்தபடியால், கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் எக்ஸ்எஃப்சிஈ மேசைத்தளத்தையும் நிறுவித் தந்தார். இடம் மிச்சமாகட்டும் என்று 'பரிந்துரைக்கப்படும்' மென்பொருள் பொதிகள் அனைத்தையும் தவிர்த்துவிட்டதாகவும் சொன்னார். எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஆனால் பாடம் முடிந்து வெளியேறும் பெட்டியைத் திறந்தால் 'லொக் அவுட்' மாத்திரமே தெளிவாக இருக்கிறது. 'ரீஸ்டார்ட்', 'ஷட் டவுன்' இரண்டும் மங்கிப்போய், சொடுக்கினாலும் அசையாமல் கிடக்கின்றன. பிள்ளைகள் முன்பக்கப் பொத்தானைக் கணினி அணையும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டுமா, அல்லது நிர்வாகியின் கடவுச்சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கடவுச்சொல்லைக் கொடுப்பது மிகவும் கூடாது. அது கணினியை நிறுத்தும் உரிமையை மட்டுமல்ல, முழுக் கணினியையும் கையில் கொடுப்பதாகும்.

உங்கள் பொத்தான்கள் பழுதாகவில்லை. கணினியை நிறுத்தும் அதிகாரம் எக்ஸ்எஃப்சிஈயிடம் ஒருபோதும் இருந்ததில்லை என்பதை முதலில் மனதில் கொள்ளுங்கள். வெளியேறும் பெட்டி திரையில் தோன்றும் முன்பே, கணினியின் சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஒரு பகுதியான லொகின்டி என்ற சேவையிடம் 'இந்தப் பாவனையாளர் கணினியை நிறுத்தலாமா?' என்று அது கேட்கிறது. லொகின்டி அனுமதி விதிகளை வைத்திருக்கும் போல்கிட் என்ற மற்றொரு சேவையைக் கலந்துகொண்டு, ஆம், இல்லை, கடவுச்சொல் தந்தால் ஆம், இந்த இயந்திரத்தில் அது இயலாது என்ற நான்கில் ஒன்றைப் பதிலாகச் சொல்கிறது. 'இல்லை' என்று வந்தால் எக்ஸ்எஃப்சிஈ பொத்தானை மங்கவைக்கும். க்னோம் போன்ற சில மேசைத்தளங்கள் அதைக் கண்ணில் காட்டாமலே விட்டுவிடும். ஆகவே பொத்தானைத் தேடி அலைவதை விட, 'இல்லை' என்று சொன்னது யார் என்பதைத் தேடுவதே குறுக்கு வழி.

அந்த 'ஆம்' கிடைப்பதற்குப் பாவனையாளர் கணினியின் முன்னால் நேரில் அமர்ந்திருக்க வேண்டும். அவருடைய அமர்வு, அதாவது உள்ளே நுழைந்தது முதல் வெளியேறும்வரையான இருப்பு, லொகின்டியின் பதிவில் இருக்க வேண்டும். அந்த அமர்வு அந்நேரத்தில் திரையில் செயற்படுவதாகவும் இருக்க வேண்டும். பெரட்டில், அதாவது தோட்டத்தின் காலை வருகைக் கணக்கெடுப்பில், பேர் பதியாதவர் மலையில் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தாலும் அன்றைக்கு அவருக்குச் சம்பளக் கணக்கில் பேர் விழாது அல்லவா, அதே கதைதான். உங்கள் மாணவர்கள் கடவுச்சொல்லைச் சரியாகத் தந்து உள்ளே வந்திருந்தாலும், அவர்களுடைய வருகை பதிவேட்டில் ஏறாவிட்டால் லொகின்டிக்கு அவர்கள் யாரோ எவரோ.

பதிவேட்டைப் பார்ப்பது எளிது. ஒரு மாணவரின் கணக்கில் நுழைந்து, டெர்மினலைத் திறந்து, 'லொகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ்' என்று கொடுங்கள். சிறிய அட்டவணை ஒன்று வரும். அதில் மாணவரின் பெயருக்கு நேரே, 'சீட்' என்ற நிரலில் 'சீட்0' என்று இருக்க வேண்டும். இந்தக் கணினியின் விசைப்பலகையும் திரையும் சேர்ந்த இருக்கைக்கு அதுவே பெயர். மாணவரின் பெயரே பட்டியலில் இல்லை என்றாலோ, பெயர் இருந்தும் அந்த இடத்தில் 'சீட்0' இல்லாவிட்டாலோ, குறை அமர்வுப் பதிவில் இருக்கிறது. சீட்0 ஒழுங்காக இருந்தும் பொத்தான் மங்கியிருந்தால், குறை அனுமதிப் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் பழைய மாணவர் தவிர்த்த பொதிகளில்தான் விடை இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். டெபியனில் 'பரிந்துரைக்கப்படும்' என்ற சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது; அவை அலங்காரப் பொதிகள் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில், யாரேனும் உள்ளே நுழையும்போது லொகின்டியின் ஏட்டில் பெயரை எழுதிவைக்கும் 'லிப்பாம்-சிஸ்டம்டி' என்ற பொதி எக்ஸ்எஃப்சிஈயின் அமர்வு நிரலுக்கு வெறும் பரிந்துரையாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. போல்கிட் சேவையும் இப்படிக் கைவிடப்பட்டிருக்கலாம். அது இல்லாத கணினியில் நிறுத்தும் உரிமை ரூட் எனும் தலைமை நிர்வாகிக் கணக்குக்கே எஞ்சும். டெபியன் 12இல் அந்தச் சேவையின் பொதிக்குப் 'போல்கிட்டி' என்று பெயர்; அதற்கு முந்திய பதிப்புகளில் 'பொலிசிகிட்-1' என்றிருந்ததால், பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு.

எனவே நிர்வாகியாக நுழைந்து, 'ஏபிடி இன்ஸ்டோல் லிப்பாம்-சிஸ்டம்டி போல்கிட்டி' என்று கொடுங்கள். ஏற்கெனவே இருப்பதை அது மறுபடி இறக்காது. அதன் பின்னர் 'பாம்-ஓத்-அப்டேட்' என்ற கட்டளையை இயக்கினால் ஒரு நீலத் திரை வரும். அதில் பாவனையாளர் அமர்வுகளை சிஸ்டம்டியில் பதிவது பற்றிய வரிக்கு நேரே நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறுதியில் வெறுமனே வெளியேறி நுழையாமல் கணினியையே மறுதொடக்கம் செய்யுங்கள். பழைய அமர்வு புதிய ஏட்டில் தானாக ஏறாது.

இன்னொரு சோதனையும் உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்தது, ஏனெனில் டெர்மினலே தேவையில்லை. ஒரு பென் டிரைவைச் செருகி, கோப்பு மேலாளரில் அதன் படத்தைச் சொடுக்குங்கள். அனுமதி இல்லை என்றோ நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும் என்றோ கணினி முரண்டுபிடித்தால், ஷட் டவுன் பொத்தானை மங்கவைத்த அதே காரணமே அங்கும் நிற்கிறது. பென் டிரைவை இணைக்கும் சேவையும் போல்கிட்டைக் கேட்டே நடக்கிறது. நிர்வாகி உரிமையில் கட்டளைகளை இயக்கும் சூடோ வழியாகக் கடவுச்சொல் இல்லாமல் நிறுத்த மாணவர்களுக்கு ஒரு தனிவிதி எழுதிக் கொடுக்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அப்படிச் செய்தால் கணினி நிற்கும், பென் டிரைவ் திறக்காது. நாளைக்கு அதற்கும் ஒரு விதி எழுத வேண்டிவரும்.

பொதிகள் அனைத்தும் சரியாக இருந்தும் பொத்தான் தெளியவில்லை என்றால், யாரேனும் வேண்டுமென்றே பூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். எக்ஸ்எஃப்சிஈயில் கியோஸ்க் என்ற கட்டுப்பாட்டு முறை உண்டு. ஈடிசி அடைவினுள் எக்ஸ்டிஜி, அதனுள் எக்ஸ்எஃப்சிஈ4, அதனுள் கியோஸ்க் என்று இறங்கிச் சென்றால், 'கியோஸ்க்ஆர்சி' என்ற கோப்பு இருக்கக்கூடும். அதில் 'ஷட்டவுன்' என்ற சொல்லுக்கு எதிரே 'நன்', அதாவது எவருமில்லை, என்று எழுதப்பட்டிருந்தால் பொத்தான் எவருக்கும் கிடைக்காது. இன்னொரு கணினிக்கூடத்தின் அமைப்பை அப்படியே பிரதி எடுத்து வந்திருந்தால் இந்தக் கோப்பும் சத்தமின்றிக் கூடவே வந்திருக்கும்.

இது சீராகும்வரை பிள்ளைகள் பொத்தானை அழுத்திப் பிடிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். நான்கைந்து விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மின்சாரம் சட்டென்று அறுந்துவிடும். வட்டில் எழுதப்படாமல் நினைவகத்தில் காத்திருக்கும் தரவு போய்விடும். டெபியன் இயல்பாகப் பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை தன் கட்டமைப்பைக் குறிப்பேடு வைத்துக் காப்பாற்றிக்கொள்ளுமே தவிர, பிள்ளை சேமிக்காமல் விட்ட கட்டுரையை அது காப்பாற்றாது. 'லொக் அவுட்' செய்து நுழைவுத் திரைக்கு வந்தபின், அதே பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தட்டலை லொகின்டி நேராகவே ஏற்று, எவரிடமும் அனுமதி கேட்காமல், எல்லாவற்றையும் முறையாக மூடிக் கணினியை நிறுத்தும். அதன் இயல்பான அமைப்பு அதுதான்.

கடைசியாக ஒன்று. ஒரு மாணவர் 'சுவிட்ச் யூசர்' மூலம் தன் அமர்வைத் திறந்தபடியே விட்டுச் சென்றிருக்க, அடுத்தவர் நிறுத்த முயன்றால், கணினி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். அது கோளாறல்ல, மற்றவரின் வேலை அழிந்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கை.

கேள்வி (பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்): எமது வாசிகசாலையிலுள்ள உபுண்டு கணினியை நான் வீட்டிலிருந்து எக்ஸ்ஆர்டிபி என்ற தொலைத்திரை மென்பொருள் மூலம் திறந்து வேலை செய்கிறேன். நேரில் போய் அமர்ந்தால் பட்டியலில் 'பவர் ஓஃப்' இருக்கிறது. வீட்டிலிருந்து பார்த்தால் இல்லை. ஏன்?

பதில்: மேலே சொன்ன இருக்கைக் கணக்குத்தான். எக்ஸ்ஆர்டிபி உங்களுக்கெனத் தனி அமர்வு ஒன்றைத் திறக்கிறது. அதற்குச் சீட்0 கிடையாது. அங்கே ஒருவர் பத்திரிகையின் பழைய இதழ்களைத் தேடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இங்கிருந்து கணினியை அணைத்துவிடாமல் இருப்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம். இரவில் உண்மையாகவே அணைக்க வேண்டுமானால், உங்களுக்கு நிர்வாகி உரிமை இருக்கும் பட்சத்தில், டெர்மினலில் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் பவர்ஓஃப்' என்று கொடுங்கள். அதற்கு முன் 'லொகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ்' கொடுத்து, சீட்0இல் யாரும் அமர்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். அணைத்த பின் அதை மீண்டும் இயக்க யாராவது வாசிகசாலைக்கு நடந்துதான் போக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி (ஹட்டனிலிருந்து ஓர் உயர்தர மாணவி): என் மடிகணினியில் 'ஷட் டவுன்', 'சஸ்பெண்ட்' இரண்டும் உண்டு; 'ஹைபர்னேட்' மட்டும் இல்லை. மழைக்காலத்தில் மின்சாரம் போகும்போது அது உதவும் என்கிறார்கள்.

பதில்: ஹைபர்னேட் என்பது நினைவகத்தில் உள்ளதை வட்டின் ஸ்வொப் பகுதியில் எழுதிவிட்டு முழுவதுமாக அணைவது. உங்கள் நினைவகம் 8 ஜிபியாகவும் ஸ்வொப் 2 ஜிபியாகவும் இருந்தால், எட்டுப் படி நெல்லை இரண்டு படி மரக்காலில் கொட்டச் சொல்வது போலாகும். லொகின்டி 'இந்த இயந்திரத்தில் இயலாது' என்று சொல்லிவிடக்கூடும். 'ஃப்ரீ -எச்' என்று கொடுத்தால் இரண்டின் அளவும் தெரியும். ஸ்வொப் போதுமான அளவு இருந்தும் தெரிவு வரவில்லை என்றால், பயோஸ் அமைப்பில், ஒப்பமிடப்பட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்குகிறதா என்று பாருங்கள்; அது இயங்கும்போது பல லினக்ஸ் பதிப்புகளின் கர்னல் எனும் மைய நிரல் ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். உபுண்டுவில் 12.04ஆம் பதிப்பிலிருந்து இத்தெரிவு இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது, அதை போல்கிட் விதி ஒன்றின் மூலம் திறக்க வேண்டும். மின்கலம் நல்ல நிலையில் இருந்தால், இத்தனை சிரமத்துக்குப் பதிலாக, மின்சாரம் போனதும் வேலையைச் சேமித்துவிட்டு 'சஸ்பெண்ட்' செய்வதே உங்களுக்குப் போதுமானது.

கேள்வி (நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்): க்னோமில் 'பவர் ஓஃப்' இருக்கிறது, 'லொக் அவுட்' காணவில்லை.

பதில்: கணினியில் உங்கள் கணக்கு ஒன்று மட்டுமே இருப்பதால், வெளியேறி வேறு யாராக நுழையப் போகிறீர்கள் என்று எண்ணி க்னோம் அதை மறைத்துவிட்டது. இரண்டாவது கணக்கு ஒன்றை உருவாக்கினால் அது தானாகவே தோன்றும்.