வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்

அண்ணா வணக்கம்,

பேரு போட வேணாம், எங்க ஆபீஸ்ல உங்கள படிக்கிறவங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்க. சொந்த ஊர் விருதுநகர் பக்கம், 8 வருஷமா ஐடி, இப்போ பெங்களூர் மாரத்தஹள்ளில குடியிருந்துட்டு ரிங் ரோட்டுல ஒரு கம்பெனில பெர்மனன்ட்டா இருக்கேன், சிடிசி, அதாவது வருஷத்துக்கு மொத்த பேக்கேஜ், 18 லட்சம். இங்க சேர்ந்து 4 வருஷம் 5 மாசம் ஆச்சு. போன வாரம் ஒரு கன்சல்டன்சில இருந்து கூப்பிட்டாங்க, பெரிய கிளையன்ட், 12 மாச கான்ட்ராக்ட், மாசம் 2 லட்சம், எக்ஸ்டென்ட் ஆகும்னு வாய்வார்த்தையா சொல்றாங்க. எனக்கு நோட்டீஸ் 90 நாள், மீதி நாளுக்கு காசு கட்டி பை-அவுட் பண்ணிட்டு 30 நாள்ல வரச் சொல்றாங்க. அப்பாவுக்கு 2 வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சோம், கம்பெனி இன்சூரன்ஸ்லதான் பண்ணினது. ஓசூர்ல ஒரு ஃபிளாட் பார்த்து வச்சிருக்கோம், லோன் இன்னும் அப்ளை பண்ணல. மாமனார் "பெர்மனன்ட்ட விட்டுட்டு யாராவது போவாங்களா மாப்ள"ங்கிறார், டீம் பசங்க "இப்பல்லாம் எதுண்ணா பெர்மனன்ட்"ங்கிறாங்க, ரெண்டும் சரியாத்தான் படுது. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். நீங்க ரெண்டு பக்கமும் இருந்தவர், சொல்லுங்க.

தம்பி,

மாமனாரையும் டீம் பசங்களையும் கொஞ்ச நேரம் வெளிய உக்கார வச்சிட்டு முதல்ல ஒண்ணு சொல்லுங்க, அந்த கன்சல்டன்சி உங்கள எந்த பேப்பர்ல எடுக்குது? கான்ட்ராக்ட்னு ஒரே வார்த்தைல எழுதிட்டீங்க, அதுக்குள்ள ரெண்டு வேற வேற சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு அவங்க பேரோல்ல சம்பளக்காரனா போறது, பேஸ்லிப் வரும், பிஎஃப் பிடிப்பாங்க, வருஷக் கடைசில சம்பளத்துக்கும் பிடிச்ச வரிக்கும் ஃபார்ம் 16 வரும். இன்னொண்ணு நீங்களே மாசாமாசம் இன்வாய்ஸ் போட்டு வாங்குறது, வரிக்குன்னு 10 சதவீதம் முன்கூட்டியே (டிடிஎஸ்) பிடிச்சிட்டு மீதி வரும், பிஎஃப்பும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஆஃபர் லெட்டர்ல "ப்ரொஃபஷனல் ஃபீஸ்"னு இருந்தா ரெண்டாவது வகைன்னு வச்சுக்குங்க.

இந்த ரெண்டாவதுல ஒரு ருசி இருக்கு, யாராவது உங்களுக்கு சொல்லாம இருக்க மாட்டாங்க, அதனால நானே சொல்லிடுறேன். 44ஏடிஏனு ஒரு செக்‌ஷன சொல்வாங்க, டெக்னிக்கல் கன்சல்டன்டுக்கு வந்த காசுல பாதிய வருமானம்னு காட்டினா போதும். உங்க 24 லட்சத்துல பாதி 12 லட்சம், 2025-26 கணக்குக்கு புது வரி முறைல (ரெஜீம்) 12 லட்சம் வரைக்கும் வரித் தள்ளுபடி இருக்கறதால வரி பூஜ்யம். அதே 24 லட்சம் சம்பளமா வந்தா வரி 2,92,500. பார்த்ததும் கண்ணு விரியும். ஆனா 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ணணும், அது போக தினமும் ஒரே மேனேஜர்கிட்ட லீவ் கேட்டு ஒரே சீட்ல உக்கார்ற ஆளு நான் கன்சல்டன்ட்னு சொன்னா, இது சம்பளம்தானேனு டிபார்ட்மென்ட் கேக்கறதுக்கு இடம் இருக்கு. நல்ல ஆடிட்டர் இல்லாம அந்த பக்கம் போகாதீங்க.

பேரோல்தான்னு வச்சுக்கிட்டு கணக்கு போடுவோம். 24 லட்சம். கான்ட்ராக்ட்ல பெரும்பாலும் நோ வொர்க் நோ பே, டிசம்பர் கடைசில கிளையன்ட் ஷட்டவுன் விடுவான், பொங்கலுக்கு ஊருக்கு போவீங்க, ஒரு காய்ச்சல் வரும், எல்லாம் சேர்த்து 10 நாள்னா கிட்டத்தட்ட 95,000 போச்சு. கான்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்தது கிடைக்க ஒன்றரை மாசம்னு வைங்க, 3 லட்சம் போச்சு. அடுத்தது கிராஜுவிட்டி, 5 வருஷம் இருந்துட்டு போறவனுக்கு கம்பெனி குடுக்கற தொகை, இத நீங்க கடிதத்துல யோசிச்ச மாதிரியே தெரியல. உங்க பேஸிக் 75,000னு வச்சா 5 வருஷத்துக்கு 15-ஆல பெருக்கி 26-ஆல வகுத்தா 2,16,000 சொச்சம் வருது, இப்ப 30 நாள்ல கிளம்பினா அதுவும் இல்ல. எல்லாத்தையும் கழிச்சா முதல் வருஷம் கைல நிக்கிறது 18 லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி. எங்க ஆரம்பிச்சீங்களோ அங்கயே. ரெண்டாவது வருஷமும் எக்ஸ்டென்ட் ஆச்சுன்னா லாபம்தான், மறுக்கல, ஆனா அத வாய்வார்த்தையா இல்ல குடுத்திருக்காங்க.

அந்த வாய்வார்த்தைய நம்பினவன்தான் நானும். 2008 செப்டம்பர்ல அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் பேங்க் கவுந்தப்போ நான் இங்க ஒரு கம்பெனில கான்ட்ராக்ட்ல இருந்தேன், மாசாமாசம் மெயில்ல நீட்டிப்பாங்க, பால்காரர் மாதிரி. நவம்பர்ல ஒரு செவ்வாய்க்கிழமை காலைல கார்ட வச்சேன், செவப்பு லைட். திரும்ப வச்சேன், திரும்ப செவப்பு. வாசல்ல இருந்த செக்யூரிட்டி நம்ம தர்மபுரிக்காரர், தினம் வணக்கம் சொல்றவர், மேல போன் பண்ணி கேட்டுட்டு என் முகத்த பாக்காம "லேப்டாப்ப இங்கயே குடுத்துட்டு போகச் சொல்றாங்க சார்"னார். என் டிபன் பாக்ஸ் டிராயர்ல இருந்துச்சு, அது இன்னைக்கு வரைக்கும் வரல. அதே வாரம் பக்கத்து சீட்டு நண்பர், பெர்மனன்ட், அவரையும் கூப்பிட்டு ராஜினாமா எழுதி வாங்கிட்டாங்க, ஆனா 2 மாச சம்பளம் கைல குடுத்தாங்க. எனக்கு திங்கள்கிழமை வரைக்கும் உள்ள கூலி, அதுவும் 45 நாள் கழிச்சு. ரெண்டு பேரும் ஐயங்கார் பேக்கரி வாசல்ல நின்னு டீ குடிச்சோம். அவருக்கு அதிர்ச்சி ஜாஸ்தி, எனக்கு கடன் ஜாஸ்தி. உங்க டீம் பசங்க சொல்றது நிஜம்தான்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, மாமனார் சொல்றதும் அந்த ரெண்டு மாச சம்பளத்துல தெரிஞ்சுது.

இதுக்கு அப்புறமும் நான் நாலு வருஷம் கான்ட்ராக்ட்லதான் இருந்தேன், அதையும் சொல்லணும். டேக் கயிறு வேற கலர், டீம் அவுட்டிங்க்கு கூப்பிட மாட்டாங்க, டவுன்ஹால் மீட்டிங் நேரத்துல நாங்க பத்து பேர் மட்டும் காலி ஃப்ளோர்ல உக்காந்திருப்போம். ஆனா அப்ரைசல் கிடையாது தம்பி! உங்க பலவீனங்கள் மூணு எழுதுங்கனு ஒரு ஃபார்ம் வராது, ரேட்டிங்குக்காக மேனேஜர் மூஞ்சிய படிக்க வேண்டாம், 6 மணிக்கு பைய தூக்கிட்டு சில்க் போர்டு ஜாம்ல சந்தோஷமா நின்னேன். வேலைய மட்டும் பாத்துட்டு போனேன், நிறைய கத்துக்கிட்டேன். அதனாலதான் கேக்குறேன், உங்க கடிதத்துல காசு இருக்கு, நோட்டீஸ் இருக்கு, ஃபிளாட் இருக்கு, அங்க போயி என்ன வேலை செய்யப் போறீங்கனு ஒரு வரி கூட இல்லையே? காசுக்காக மட்டும்னா மேல இருக்கிற கணக்க பாருங்க, போக வேணாம்.

வேலை நல்லா இருந்து போறதா இருந்தா, பை-அவுட்டுக்கு ஒத்துக்காதீங்க. 4 வருஷம் 240 நாள், வாரம் 5 நாள் ஆபீஸ்னா 190 நாள், வேலை பாத்திருந்தா அத கிராஜுவிட்டிக்கு அஞ்சாவது வருஷமா எண்ணலாம்னு மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு. 90 நாள் நோட்டீஸ முழுசா பாத்தீங்கனா 4 வருஷம் 8 மாசம், வரம்ப தொட வாய்ப்பு இருக்கு, நாள எப்படி எண்றாங்கங்கறத பொறுத்து. சில கம்பெனி 5 வருஷம் முழுசா ஆகணும்னு அடம் பிடிக்கும், அதனால ராஜினாமா குடுக்கறதுக்கு முன்னாடியே பாலிசி என்னனு எச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு வச்சுக்குங்க. புது எடத்துலயும் ஒண்ணு கேளுங்க, லெட்டர்ல ஃபிக்ஸட் டேர்ம்னு, அதாவது இத்தனை மாசத்துக்குனு எழுதி எடுக்கற வேலைனு, போடுவாங்களானு. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புது தொழிலாளர் சட்டத்துல (லேபர் கோடு) ஃபிக்ஸட் டேர்ம் ஆளுக்கு 1 வருஷம் முடிச்சாலே கிராஜுவிட்டி உண்டு.

லோன முதல்ல வாங்கிட்டு அடுத்த மாசம் கான்ட்ராக்டுக்கு தாவுங்கனு சொல்றவங்க இருக்காங்க, பேங்க் கேக்கறது 3 மாச பேஸ்லிப்பும் ஃபார்ம் 16-உம்தானேனு. லோன் கிடைச்சிடும், செவப்பு லைட் எரியுற மாசமும் இஎம்ஐ வரும். 6 மாச இஎம்ஐயும் வாடகையும் தனியா இல்லாம அத பண்ணாதீங்க.

கடைசியா அப்பா விஷயம், இதத்தான் நான் முதல்ல எழுதியிருக்கணும். கம்பெனி குரூப் பாலிசில பழைய நோய்க்கு பொதுவா முதல் நாள்ல இருந்தே கவர் உண்டு, தனியா எடுத்தா அதிகபட்சம் 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைப்பான். கன்சல்டன்சி பாலிசில பேரன்ட்ஸ் வருவாங்களானு எழுத்துல கேளுங்க. இப்ப இருக்கிற குரூப் பாலிசில இருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாத்திக்க வழி இருக்கு, அத வேலைய விடறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, விட்ட பின்னாடி இல்ல. அப்பாவோட டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் பில்லு எல்லாம் விருதுநகர்ல எந்த பீரோல இருக்குனு இன்னைக்கே போன் போட்டு கேளுங்க, ஸ்டென்ட மறைச்சு பாலிசி எடுத்தா க்ளெய்ம் நிக்காது.