ஆன்லைனில் வாங்கிய 1918 சவரன் அசலா?

வணக்கம் தம்பி. ஆன்லைனில் வாங்கிய, 1918-ல் பம்பாய் நாணயச்சாலையில் அடித்த பிரிட்டிஷ் சவரன் தங்கக் காசு கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டது, விற்றவர் ‘சரியாக 8 கிராம்’ என்கிறார், அசலா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த 8 கிராம்தான் நெருடுகிறது. நம் கடைகளில் சவரன் என்றால் 8 கிராம். ஆனால் பிரிட்டிஷ் சவரன் காசு 7.98 கிராம்தான், தேய்ந்திருந்தால் இன்னும் குறையும். விட்டம் 22 மில்லிமீட்டர்.

0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, டம்ளரில் எங்கும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு விலக்கும் தண்ணீரின் எடை; 22 கேரட் என்றால் 0.45 கிராம் அளவில் காட்டும். அதே எடையில் பித்தளைக்கு முலாம் பூசியிருந்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகக் காட்டும். கடைவீதியில் கம்ப்யூட்டர் டச் (தங்கத்தின் தரத்தை இயந்திரத்தில் சோதிப்பது) பார்க்கலாம். ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும், தடித்த முலாமில் ஏமாந்துவிடும். தயவுசெய்து உரைகல்லில் மட்டும் தேய்க்க விடாதீர்கள், அசல் காசாக இருந்தால் பாழாகிவிடும்.

அப்புறம், அசல் தங்கத்திலேயே போலிக் காசு அடிப்பதும் உண்டு. லென்ஸ் வைத்து, ஆண்டுக்கு மேலே, குதிரை வீரனுக்குக் கீழே உள்ள தரைக்கோட்டில் பம்பாய் அடையாளமான சின்ன ஆங்கில ‘I’ எழுத்து கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.